ஒரு பிள்ளைக்கு ஒருவர்



2023 மே மாதம். மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 வரை அதுவும் நம் விழுப்புரம் மாவட்டம்தான். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் நம்மைப் பார்த்துக் கேட்கிறேன். சாவு வீட்டில் பதினாறு நாளும் கூட்டம் இருக்கும். பதினேழாம் நாள் அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் கைக்கொண்ட ஒரு விடைதான், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆதரவாளர் என்னும் ஏற்பாடு. கொரியப் போரில் அனாதைகளான பிள்ளைகளுக்காக 1950களில் வேர்ல்டு விஷன், கம்பேஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்புகள் இதைக் கையில் எடுத்தன. 1959இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்துக் கிறிஸ்தவர்கள் சிலர் கிண்டர்நோத்ஹில்ஃபே என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் கை கொடுத்தது யாருக்கு? நம் இந்தியப் பிள்ளைகளுக்கு! தென்னிந்தியாவின் எத்தனையோ மிஷன் போர்டிங்குகளில் அடுப்பு எரிந்தது இப்படி வந்த பணத்தில்தான்.

அந்தப் பணம் என்ன செய்தது? பொருளாதார அறிஞர் புரூஸ் வைடிக்கும் அவருடைய சகாக்களும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். கம்பேஷன் ஆதரவில் வளர்ந்தவர்களை, ஆதரவு கிடைக்காத உடன்பிறந்தவர்களோடும் பிறரோடும் ஒப்பிட்டார்கள். ஆதரவு பெற்றவர்கள் ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 12 முதல் 18 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருந்தது. பள்ளிக் கட்டணமும் சாப்பாடும் மருந்தும் மட்டுமா இதற்குக் காரணம்? என்னைப் பெயர் சொல்லி விசாரிக்க ஒருவர் இருக்கிறார், நான் தேறினால் மகிழ ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பும் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும்.

குறைகளையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். உலகெங்கும் காப்பகங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை வீட்டிலிருந்து பிரித்தது. வளர்க்க ஆசைப்படும் பாட்டியின் கையில் கொடுக்க வேண்டிய உதவியை, பாட்டியிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கச் செலவிடக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யாத எந்த இல்லத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உரிய அனுமதியில்லாத காப்பகத்தில் என்ன நடக்கும் என்ற அச்சத்தை 2023இல் நம் மாவட்டத்துக் குண்டலப்புலியூர்க் காப்பகம் நமக்கு ஏற்படுத்திவிட்டது. இன்னொன்று: பசித்த பிள்ளைக்குப் போடும் சோற்றுக்கு விலையாக ஞானஸ்நானம் கேட்கிறவர், இயேசுவின் அன்பை விலைக்கு விற்கிறவர். எந்தப் பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், பசி பசிதான்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் பிள்ளைகளை ஆதரித்துவந்த கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியது. வேர்ல்டு விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2024 ஜனவரியில் ரத்தானது. அது சரியா தவறா என்று வாதாடலாம். வாதம் முடியும்வரை பிள்ளையின் வயிறு காத்திருக்காது.

கடல் கடந்து வந்தவர்கள் நம் துயரத்தைத் தம் துயரமாகச் சுமந்த ஊர் இது. இந்தத் திண்டிவனத்தில்தான் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் கதவைத் தட்டினார்கள். பிரசவத்தில் துடித்த மனைவியரைப் பார்க்க ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்களுக்கு மனமில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. இன்று கதவு தட்டப்படுவது நம் வீட்டில். திறக்க வேண்டியவர்கள் நாம்.

என்ன செய்யலாம்? மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உண்டு. தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. இறப்புச் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் அலையத் தெரியாத பாட்டியோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒருநாள் கூடப் போங்கள். உங்கள் சபையில், சங்கத்தில், தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். பாதியில் கைவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, ஐ.டி.ஐ.யோ கல்லூரியோ முடிந்து, முதல் சம்பளம் வாங்கும்வரை கூட நில்லுங்கள்.

டூயிஸ்பர்க் நகரத்தார் முகம் தெரியாத பிள்ளைகளுக்குச் செய்தார்கள். நமக்கோ அந்தப் பிள்ளையின் முகமும் தெரியும், தெருவும் தெரியும். அவர்களைவிட ஒரு படி கூடுதலாகச் செய்ய நம்மால் முடியும், செய்வோம்.