உலகச் செய்தியும் ஊர்த் தப்பட்டையும்

(ராயக்கோட்டையில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் டி.வி. பார்த்த கதையையும் பாட்டுக் கேட்கப் போன கதையையும் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 நவம்பர் 7. காலையில் டி.வி.யைப் போட்டால் ஒபாமா மறுபடியும் ஜெயித்துவிட்டார். வெள்ளை மாளிகையில் இன்னும் நாலு வருஷம் ஒரு கறுப்பர். எங்க தெரு ஆளே ஜெயித்த மாதிரி டீக்கடையில் அலட்டிக்கொண்டேன். மத்தியானம் சிகாகோவில் அவர் பேசியதையும் நேரலையில் பார்த்தேன். அன்று சாயங்காலம் தர்மபுரி பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். 250க்கு மேல் வீடுகள். நம்ம பையன் ஒருவன் சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக. நம்ம ஸ்டேஷனில் ரயிலேறினால் தர்மபுரியில் இறங்கலாம். சிகாகோ எனக்கு நேரலையில் வந்தது. நத்தம் எரிந்தது போனில்தான் வந்தது. அந்தப் பையன் இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தண்டவாள ஓரம் பிணமாகக் கிடந்தபோதுதான் எல்லாச் சேனலும் வந்தது. திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "போதும்டா, அணை" என்றார் அப்பா.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர், அதில் பெண் ஒருவர், இசைவாணி. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டுக்கும் ஒரு பாட்டு. பக்கத்தில் நின்ற காலேஜ் பிள்ளைகள் ஆடினார்கள். எனக்கு ஆட வரவில்லை.

ஏனென்றால் அது எனக்குச் சாவுச் சத்தம். ஊரார் வீட்டுப் பிணத்துக்கு முன்னால் அப்பா விடிய விடிய அடித்த தப்பட்டை. ஒரு நாள் "இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு மாசம் ஊரில் எங்களுக்குக் கூலி வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. தக்காளி மண்டியில் கூடை தூக்கித்தான் சாப்பிட்டோம்.

கச்சேரியைப் போனில் அவருக்குக் காட்டினேன். "யாரு செத்தது?" என்றார்.

"யாரும் சாகலப்பா. பாட்டுக் கச்சேரி."

கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிச்சு முடிச்சதும் உக்கார நாற்காலி போட்டாங்களா?"

நான் அதைக் கவனிக்கவில்லை. கவிஞன்!

அதே வருஷம் நவம்பரில் ஓசூர் பக்கம் சூடகொண்டப்பள்ளி நந்தீஷையும் சுவாதியையும் கொன்று காவிரியில் போட்டார்கள். சிவனசமுத்திரம் பக்கம் உடல்கள் கிடைத்தன. நான் ஒரு வரி எழுதவில்லை. 2020 மே 25இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரன் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முழங்காலால் அழுத்திக் கொன்றான். பதினேழு வயசுப் பெண் ஒருத்தி பயப்படாமல் நின்று அதைப் போனில் பிடித்தாள். அதற்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கவிதை எழுதினேன். பாராட்டினார்கள். மினியாபொலிஸ்காரன் யாரும் பாஸ்புக்கோடு என் கவுன்ட்டருக்கு வரப்போவதில்லை. சூடகொண்டப்பள்ளியைப் பற்றி எழுதினால் அதைப் படிக்கிறவன் நாளைக்கே வந்து நிற்பான். இதுதான் தோழர்களே, என் சர்வதேசியம்.

பறையை ராப்போடு ஒப்பிட்டு இப்போது நிறைய எழுதுகிறோம். எழுதலாம். ஓசூர் பக்கம் கன்னடத் தோழர்கள் 'தமட்டெ' என்கிற அதே தோல்தான். 2023இல் கர்நாடகத்தின் முனிவெங்கடப்பாவுக்கும் 2025இல் மதுரை வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ வந்தது. சந்தோஷம். ஆனால் மேடையில் அடிக்கிறவர் 'இன்றைக்கு முடியாது' என்றால் அவர் வீட்டுக் கூலி நிற்காது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கை தட்டுகிற கட்டுரைகள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நான் எழுதியதும் அதில் சேர்த்தி.

கொஞ்ச நாள் முன்னால் ஊரில் ஒரு பெரிய சாவு. ஆள் வந்தது. "டி.வி.யிலயே அடிக்கிறாங்க, பத்மஸ்ரீ எல்லாம் குடுக்கறாங்க. இங்க வந்து அடிச்சா என்ன கொறஞ்சிடும்?"

அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குடுக்கறவங்களயே வந்து அடிக்கச் சொல்லு."