திரும்பி வரும் பார்சலை எப்படிக் கையாள்வது?

(வீட்டிலிருந்து இணையத்தில் விற்பனை செய்யும் குடும்பங்களுக்கான வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓசூர் என்றால் சிப்காட், ஷிஃப்ட் வேலை, கம்பெனி பஸ் என்றுதான் வெளியூரில் நினைப்பார்கள். ஆனால் இன்று நம் தெருக்களில் பல வீடுகளின் முன்னறை ஒரு சின்ன கிடங்கு. அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ வழியாகக் குர்தி, புர்கா, குழந்தைகள் உடுப்பு, பைக் உதிரிபாகம் என்று அனுப்புகிறோம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல முயற்சி. இந்த முயற்சியில் பலரைச் சோர்வடைய வைப்பது ஒரே விஷயம்தான்: ரிட்டர்ன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குர்திக்கு 60 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து விற்றால் 600. அதில் இரண்டு திரும்பி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் திருப்பி எடுத்துவரும் கூலி 150 ரூபாய் நம் கணக்கில் பிடிக்கப்படுகிறது. எட்டுக் குர்தியின் லாபம் 480. அதில் 300 போனால் மீதி 180. பத்துக் குர்தி தைத்து, மடித்து, கட்டி அனுப்பிய உழைப்புக்கு 180 ரூபாய். முதலீடு சீட்டுப் பணமாகவோ அடகு வைத்த நகையாகவோ இருந்தால் அந்த வீட்டின் கவலை எப்படி இருக்கும்?

அந்தக் கவலையில் இரண்டு தவறான முடிவுகளுக்குப் போகிறோம். ஒன்று, கேட்பவர் எல்லாரையும் ஏமாற்றுக்காரராகப் பார்த்துச் சண்டை போடுவது. இன்னொன்று, நஷ்டத்தை ஈடுகட்ட நாமே சின்னச் சின்ன ஏமாற்றில் இறங்குவது. இரண்டும் வேண்டாம். வந்த ரிட்டர்ன் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, தவறு நம்முடையது. கிழிசல், அளவு மாற்றம், படத்தில் ஒரு நிறம் கையில் ஒரு நிறம். இதை ஃபிக்ஹில் ‘கியாருல் அய்ப்’ என்கிறோம்: குறை தெரிந்தால் திருப்பிக் கொடுப்பது வாங்கியவரின் உரிமை. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதி வைப்பதால் இந்தப் பொறுப்பு நீங்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அவருக்குக் கட்டணமும் இல்லை. 500 ரூபாய் குர்திக்காக நாம் வேறு மாநிலத்தில் பதில் சொல்லும் நிலை வரலாம். ஆகவே தவறு நம்முடையது என்றால் வாக்குவாதம் வேண்டாம், உடனே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, பொருளில் குறையில்லை, வாங்கியவரின் மனம் மாறிவிட்டது. ஃபிக்ஹில் இப்படிப்பட்ட விற்பனையை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முறிப்பதற்கு ‘இகாலா’ என்று பெயர். விற்றவர் மீது இது கடமையில்லை. ஆனால் இப்படி விட்டுக்கொடுப்பவரின் பிழைகளை அல்லாஹ் மன்னிக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கு உண்டு. இணையச் சந்தையிலோ, இத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்ற நிபந்தனைக்கு நாம் சம்மதித்துத்தான் கடை திறக்கிறோம். சம்மதித்துவிட்டால் அது வாக்குறுதி. அதற்கு ஏற்றபடி முன்கூட்டியே விலை வையுங்கள். பத்தில் ஒன்றிரண்டு வரும் என்று கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இந்த வகையைக் குறைக்கும் வழி நம் கையில்தான் இருக்கிறது. ‘எம், எல், எக்ஸ்எல்’ என்று மட்டும் போடாமல் மார்பளவு, நீளம், கை நீளம் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். துணி காட்டனா, கலப்பா, துவைத்தால் சுருங்குமா என்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பைக் கண்ணாடி விற்கும் தம்பிமார்கள், எந்த மாடல், எந்த வருடத்து வண்டிக்குப் பொருந்தும் என்றும், எதற்குப் பொருந்தாது என்றும் குறிப்பிடுங்கள். பட்டன் ஒன்று வேறு நிறத்தில் இருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நமக்குத் தெரியும். இணையத்தில் நாம் போடும் படம்தான் அந்தக் குவியலின் மேல்பக்கம்.

மூன்றாவது வகை, வாங்கியவர் ஏமாற்றுவது. புதுப் பொருளை எடுத்துக்கொண்டு பழையதை வைத்து அனுப்புகிறார்கள். காலிப் பெட்டியும் வருகிறது. இங்கே கோபம் உதவாது, ஆதாரம்தான் உதவும். அனுப்பும்போது பொருளையும், கட்டும் விதத்தையும், லேபிள் எண்ணையும் ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள். திரும்பி வந்ததையும் அப்படியே, லேபிளில் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் எடுத்துப் பிரியுங்கள். எடையைக் குறித்து வையுங்கள். வந்த கவரைத் தூக்கி எறியாதீர்கள். அமேசானில் சேஃப்-டி, ஃபிளிப்கார்ட்டில் செல்லர் புரொடக்ஷன் ஃபண்ட் என்று நஷ்டஈடு கோரும் வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. கெடு எத்தனை நாள் என்று உங்கள் விற்பனையாளர் பக்கத்தில் பார்த்து, அதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பார்சல் வந்த அன்றே பிரித்துப் பார்ப்பது நல்லது. மூலையில் குவித்து வைத்துவிட்டு மாதக் கடைசியில் பார்த்தால் உரிமை போய்விடும்.

‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள்’ என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

எல்லையில் வாழும் நமக்கென்று ஒரு விஷயம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால், பான் எண்ணைக் கொண்டு எண் பெற்று இணையச் சந்தையில் விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். பத்து கிலோமீட்டர் கூட இல்லாத அத்திப்பள்ளிக்கு அனுப்ப முடியாது. அது கர்நாடகம். பெங்களூரு வாடிக்கையாளர் வேண்டுமென்றால் முறையாகப் பதிவு செய்யுங்கள். பதிவு உள்ளவர்கள், திரும்பி வந்த பொருளுக்குக் கிரெடிட் நோட் போட்டு மாதக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள். கழிக்காவிட்டால், நடக்காத விற்பனைக்கு வரி கட்டியவர்கள் ஆவோம்.

எல்லை நமக்குத் தந்த செல்வமும் உண்டு. உருது, தமிழ், கன்னடம், தெலுங்கு என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழிகள் தெரியும். வாங்கியவர் கேள்வி கேட்டால் அவர் மொழியிலேயே இரண்டு வரி பதில் போடுங்கள். பல ரிட்டர்ன்கள் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, திரும்பி வந்த பொருளை என்ன செய்வது? உண்மையான சோதனை இங்கேதான். ஒருவர் உடுத்தி, அத்தர் வாசனையோடு அனுப்பிய உடுப்பை இஸ்திரி போட்டுப் புதியது என்று அடுத்தவருக்கு அனுப்ப மனம் சொல்லும். ‘என்னை ஒருவன் ஏமாற்றினான், நான் என்ன செய்வது’ என்று சமாதானமும் சொல்லும். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கொடுத்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. அந்தப் பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றில் சொல்லப்படுகிறது. நமக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. அப்படிப்பட்ட உடுப்பைத் தனியே எடுத்து வையுங்கள். தெருவில் தெரிந்தவர்களிடம் குறையைச் சொல்லி, விலை குறைத்து விற்றுவிடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பொருள், திரும்பி வந்த காரணம் என்று மூன்று பத்தி போதும். மூன்று மாதம் எழுதினால் எந்தப் பொருள், எந்தத் தையல், எந்தப் படம் நம்மை இழப்பில் தள்ளுகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

நம் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயையும் ஹலாலாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.