வீடியோவுக்குத் தலைப்பு வைப்பது எப்படி?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)

விதை நேர்த்தி, உர அளவு, பூச்சி மருந்து என்று எத்தனையோ பேச்சு கேட்டிருப்பீர்கள். இன்றைக்குச் சொல்லப்போவது கொஞ்சம் புதுசு. செல்போனில் படம் பிடித்து யூடியூபில் போடுகிறோம் அல்லவா, அந்த வீடியோவுக்குத் தலைப்பு வைப்பது, கீழே விவரம் எழுதுவது, 'டேக்' என்கிற குறிச்சொல் கொடுப்பது, இவற்றைப் பற்றித்தான். இது விவசாயத்தில் சேர்ந்ததா என்று சிலர் கேட்கலாம். சேர்ந்ததுதான், எப்படியென்று பாருங்கள்.

செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்குத் தெரியும். மழை விட்டு விட்டுப் பெய்து, காற்றில் ஈரம் நின்றுவிட்டால் திருகல் நோய் தலைகாட்டும். தாள் முறுக்கிக்கொள்ளும், கழுத்து நீண்டுபோகும், காய் பருக்காது. கோழிக்கால் நோய் என்றும் சொல்வார்கள். பூஞ்சாணத்தால் வருவது, வேகமாகப் பரவக்கூடியது. சாயங்காலம் வயலில் நாலு செடியில் பார்த்த விவசாயி அன்று ராத்திரி யாரிடம் கேட்பார்? வேளாண்மை அலுவலகம் பூட்டியிருக்கும். கையில் இருக்கிற செல்போனைத்தான் எடுப்பார்.

பக்கத்து ஊரில் ஒருவர் இதே நோயைச் சமாளித்து, அருமையாக ஒரு வீடியோவும் போட்டிருப்பார். ஆனால் அதற்கு அவர் வைத்த பெயர் 'விவசாய நண்பர்களுக்கு ஓர் அற்புதத் தகவல்'. அதில் வெங்காயமும் இல்லை, திருகலும் இல்லை. யூடியூபுக்கு அதை இவரிடம் கொண்டுவந்து காட்ட ஒரு பிடிமானமும் இல்லை. அதற்குப் பதிலாக எங்கேயோ பெல்லாரி வெங்காயத்துக்கு யாரோ சொன்ன மருந்து முன்னால் வந்து நிற்கும். இவர் அதை வாங்கி அடிப்பார். மருந்துக் காசும் போச்சு, நோயைத் தடுக்கிற நாலு நாளும் போச்சு. ஆகவே தலைப்பு என்பது அலங்காரம் இல்லை. தேடுகிறவர் கைக்கு வீடியோ போய்ச் சேர்வதற்கான விலாசம்.

சரி, எந்தச் சொல்லைப் போடுவது? தேடுகிறவர் வாயில் எந்தச் சொல் வருமோ அதை. இங்கேதான் படித்தவர்கள் தடுமாறுகிறார்கள். அரியலூர் மாவட்டத்தில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி இருக்கிறது. பூக்கிற காலத்தில் தேயிலைக் கொசு வந்து சாற்றை உறிஞ்சினால் பூங்கொத்து கருகிப் போகும். நிபுணர் வீடியோ எடுத்தால் 'தேயிலைக் கொசு மேலாண்மை' என்று பெயர் வைப்பார். தோட்டத்துக்காரர் கண்ணில் பட்டது கொசுவா? கருகின பூதான். அவர் 'முந்திரி பூ கருகுது' என்றுதான் தேடுவார். தேயிலைக் கொசு என்று தெரிந்தவருக்கு முக்கால்வாசி விஷயம் ஏற்கெனவே தெரியும், அவருக்கு உங்க வீடியோ அவ்வளவு தேவையில்லை. ஆகவே அறிகுறியை முன்னால் வையுங்கள், பூச்சியின் பெயரைப் பின்னால் வையுங்கள். 'முந்திரியில் பூ கருகுதா? தேயிலைக் கொசுவாக இருக்கலாம்' என்றால் இருவருக்கும் பொருந்தும்.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான். அமெரிக்கன் படைப்புழு 2018ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் வந்து, அந்தப் பருவத்திலேயே நம்ம இரண்டு மாவட்டத்து மக்காச்சோளத்தையும் கடுமையாகத் தாக்கியது. அப்போது அந்தப் புழுவின் பெயர் இங்கே யாருக்குத் தெரியும்? இலையில் ஓட்டை, குருத்துக்குள்ளே மரத்தூள் மாதிரி எச்சம், இதுதான் தெரிந்தது. புதுசாக ஒரு பூச்சி வரும்போதெல்லாம் இப்படித்தான் இருக்கும். பெயர் பரவுவதற்கு முன்னால் அறிகுறி பரவிவிடும்.

நம்ம ஊர்ச் சொல்லில் ஒரு சங்கடமும் உண்டு. வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமித்து வைக்கிற அமைப்பைப் பட்டறை என்கிறோம். 'பட்டறை போடுவது எப்படி' என்று மட்டும் தலைப்பு வைத்தால் கொல்லுப்பட்டறை வரும், கவிதைப் பட்டறை வரும், பயிற்சிப் பட்டறையும் வரும். 'சின்ன வெங்காயப் பட்டறை' என்று பயிரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரியலூர் என்று மட்டும் போட்டாலும் அப்படித்தான். சிமெண்டு ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் முன்னால் வந்துவிடும்.

எந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. யூடியூபின் தேடும் கட்டத்தில் 'சின்ன வெங்காயம்' என்று தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே சில வரிகள் தானாக வரும். அவை பெரும்பாலும் மற்றவர்கள் தேடிய சொற்கள். குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வீடியோ போட்டு வருகிறவர்கள் 'யூடியூப் ஸ்டூடியோ' செயலியில் போய்ப் பார்த்தால், எந்தச் சொல்லைத் தேடி வந்தவர்கள் உங்க வீடியோவைப் பார்த்தார்கள் என்பதும் தெரியும். அதோடு சந்தையிலே, டீக்கடையிலே மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள். இப்போது நிறையப் பேர் தட்டுவதே இல்லை, போனிடம் வாயாலேயே கேட்கிறார்கள். 'வெங்காயத்துல திருகல் வந்துருச்சு, என்ன மருந்து அடிக்கிறது?' இதுதான் கேள்வி. தலைப்பு அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி அளவு. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம் கொடுக்கிறது. நூறு என்றால் நிறைய என்று எண்ணிவிடாதீர்கள். அதன் கணக்கு வேறு. நமக்கு 'சி' என்பது ஒரே எழுத்து. அதற்கு 'ச' ஒன்று, மேலே போடுகிற சுழி ஒன்று, ஆக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக்கணக்குதான். 'சின்ன வெங்காயம் திருகல் நோய்' என்பது நம்ம கணக்கில் 14 எழுத்து, அதன் கணக்கில் இடைவெளியையும் சேர்த்து 28. மேலும், செல்போனில் நீளத் தலைப்பு முழுதாகத் தெரியாது, பாதியில் வெட்டிவிடும். ஆகவே பயிர்ப் பெயரும் நோயின் பெயரும் முதல் மூன்று நான்கு சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். 'வணக்கம் நண்பர்களே' என்பதைத் தலைப்பில் போட வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.

விவரப் பகுதிக்கு வருவோம். இதுதான் நம்மவர்கள் காலியாக விட்டுவிடுகிற இடம். 5000 எழுத்து வரை எழுதலாம். முதல் இரண்டு வரிதான் தொடாமலே கண்ணில் படும், அதில் விஷயத்தின் சாரத்தை எழுதிவிடுங்கள். பிறகு மூன்று செய்தி கட்டாயம் வேண்டும் என்பேன்.

முதலாவது, எந்த ஊர், எந்தப் பட்டம், எந்த வருஷம், பயிருக்கு எத்தனை நாள் வயது என்பது. வருஷம் ஏன் என்று கேட்பீர்கள். முந்திரித் தேயிலைக் கொசுவுக்கு ஒரு காலத்தில் எண்டோசல்பான் அடித்தார்கள். கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்து மக்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை போட்டது. யூடியூப் 2005இல் தொடங்கியது. பழைய வீடியோ எதுவும் தானாக அழிவதில்லை. தடைக்கு முன்னால் எடுத்த ஒரு வீடியோ வருஷம் போடாமல் இன்றைக்கு ஒருவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். உங்க வீடியோவும் பத்து வருஷம் கழித்துப் பழசாகும். பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

இரண்டாவது, மருந்தின் அளவு. 'ஒரு டேங்குக்கு 30 மில்லி' என்று வாய்ப்பேச்சில் சொல்லிவிடுகிறோம். எந்த டேங்கு? 10 லிட்டர் கைத்தெளிப்பானும் இருக்கிறது, 16 லிட்டர் டேங்கும் இருக்கிறது. 16 லிட்டருக்குச் சொன்ன 30 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும், பயிர் கருகினாலும் கருகும். லிட்டருக்கு இத்தனை மில்லி, ஏக்கருக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று எழுத்தில் கொடுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கிற மருந்துப்பொருளின் பெயரையும் எழுதுங்கள். கடையில் ஒரு கம்பெனி இல்லாவிட்டால் இன்னொன்றைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, நேரக் குறிப்பு. பதினைந்து நிமிஷ வீடியோவில் மருந்து அளவு ஒன்பதாம் நிமிஷம் வருகிறது என்று வையுங்கள். அவசரத்தில் இருக்கிறவர் அதுவரை காத்திருப்பாரா? விவரத்தில் '0:00 அறிகுறி', '3:20 காரணம்', '9:05 மருந்தும் அளவும்' என்று வரிவரியாக எழுதினால் யூடியூபே அதை அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும், தொட்டால் அந்த இடத்துக்குப் போய்விடும். முதல் குறிப்பு 0:00 என்றே இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்பு வேண்டும். ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையக் கூடாது.

குறிச்சொல்லைப் பற்றித்தான் ஊரில் நிறையக் கட்டுக்கதை. 'டேக் போட்டுத் தர்றேன், வீடியோ பிச்சுக்கும்' என்று காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தம்பிமார்களே, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். குறிச்சொல்லுக்கு இதில் பங்கு மிகக் குறைவு, எழுத்துப் பிழையோடு தேடுகிறவர்களுக்குத்தான் அது உதவும் என்று யூடியூப் நிறுவனமே சொல்கிறது. அந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மக்காச்சோளம் என்பதை 'மக்காசோளம்' என்கிறார்கள், 'மக்கா சோளம்' என்று பிரித்தும் தட்டுகிறார்கள், ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். இந்த வடிவங்களை எல்லாம் குறிச்சொல்லில் போடுங்கள். மொத்தம் 500 எழுத்து இடம் உண்டு. சினிமா நடிகர் பெயரையும் கிரிக்கெட்டையும் அதில் திணிக்கக் கூடாது. வீடியோவுக்குச் சம்பந்தமில்லாத சொல்லைப் போடுவது யூடியூபின் விதிக்கே விரோதம். குறிச்சொற்களை மூட்டையாக விவரப் பகுதியில் கொட்டுவதும் அப்படியே. வீடியோவையே எடுத்துவிடுவார்கள்.

'ஒரே நாளில் நோய் ஓடிப்போகும்' என்கிற மாதிரித் தலைப்பும் இந்த வகையில் சேர்ந்ததுதான். திறந்து பார்ப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. உள்ளே சரக்கு இல்லையென்றால் இருபது வினாடியில் மூடிவிடுவார்கள். எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் 2012ஆம் ஆண்டிலிருந்தே அதிக மதிப்புக் கொடுக்கிறது. பார்த்தவர் பாதியில் ஓடினால் அடுத்தவருக்கு அந்த வீடியோவைக் காட்டுவதும் குறையும்.

விலை நிலவரம் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'இன்றைய வெங்காய விலை' என்று மட்டும் போடாதீர்கள். எந்த இன்று? தேதியும் மண்டியின் பெயரும் தலைப்பிலேயே வர வேண்டும். திருச்சி விலை வேறு, ஒட்டன்சத்திரம் விலை வேறு. போன வாரத்து விலையை இன்றைய விலை என்று நம்பிப் பட்டறையைப் பிரித்து மூட்டை கட்டி வண்டி ஏற்றினவர், மண்டியில் போய் நிற்கிறபோது வாடகைகூடத் தேறாது.

தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா என்றும் கேட்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் நடத்துகிற 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021ஆம் ஆண்டு ஒரு கோடிச் சந்தாதாரரைத் தாண்டியது. அவர்கள் தலைப்பு ஆங்கிலத்தில்தான். சமையலை உலகமே பார்க்கலாம், அவர்களுக்கு அது சரி. வேப்பந்தட்டை பருத்திக்காரர் கேட்கிற கேள்விக்குக் குன்னத்துக்காரர் பதில் சொல்கிறார் என்றால் தமிழ்தான் சரி. நமக்குக் கோடிப் பேர் வேண்டாம், வெங்காயம் போட்டிருக்கிற ஆயிரம் பேர் வந்தால் போதும்.

பெயரால் ஒரு பொருள் பரவுவது நமக்குப் புதுசும் இல்லை. 1960களில் ஏ.டி.டி.27 என்கிற நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி பரப்பியது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் அந்த எண்ணை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 'ரேடியோ நெல்' என்றே கேட்டு வாங்கினார்கள்.

முன்பே வீடியோ போட்டுவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். தலைப்பு, விவரம், குறிச்சொல் மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வீடியோவை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. பார்த்தவர் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, நோய் சம்பந்தமான வீடியோக்களை மட்டுமாவது முதலில் திருத்துங்கள். மருந்தின் பெயரிலோ அளவிலோ சந்தேகம் இருந்தால் எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரம்பலூர் மாவட்டத்தாருக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தாருக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. பருத்தி என்றால் வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். அங்கே சொன்னதை எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதையும் விவரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.