சிறுநீரக நோயாளியின் உணவு
(மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நோயாளியைப் பார்க்க நாம் வெறுங்கையுடன் போவதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோயுற்றிருந்த என் பெரியப்பாவுக்குச் செவ்விளநீர் இரண்டு கொண்டு சென்றேன். வைத்தியர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குக் கோபந்தான். காரணத்தைப் பின்னரே அறிந்தேன்.

இளநீர், வாழைப்பழம், தோடம்பழம், கீரை ஆகியவற்றில் பொட்டாசியம் என்னும் சத்து மிகுதி. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதைக் கழித்துவிடும்; பழுதுற்றதற்கு அது இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறினால் இதயத் துடிப்பு நிலைகுலைந்து நின்றுவிடவுங் கூடும். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகள் பலவற்றிலும் பொட்டாசியம் உண்டு. கறியுப்பையோ நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடக்க வேண்டும். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ளதும் அக்கணக்கில் சேரும்.

ஆயினும் எல்லா நோயாளியும் பழத்தையும் கீரையையும் விலக்க வேண்டியதில்லை. நோயின் தொடக்கத்தில் பலருக்குப் பொட்டாசியம் கூடுவதில்லை. இரத்தப் பரிசோதனையே அளவைச் சொல்லும். கூடியவர்களும் கிழங்கைச் சிறிதாக நறுக்கி, நிறைந்த நீரில் அவித்து, அந்நீரைக் கொட்டிவிட்டு உண்ணலாம்.

புரதத்தில் நாங்கள் செய்த பிழை பெரிது. நோய் முற்றிவரும்போது, உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொது அளவு. டயலிசிஸ் தொடங்கினால் புரதம் இழக்கப்படுவதால் 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். பெரியம்மாவோ பழைய பத்தியத்தையே விடாது பிடித்திருந்தார். பெரியப்பாவின் சட்டை தோளிலிருந்து நழுவும்வரை எவரும் கவனிக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவருக்கு முட்டை உண்டு. நானும் அப்பிள்தான் கொண்டு போகிறேன், பெரியம்மாவிடம் கேட்டபின்.