இருகரையிலும் எழுந்த திருவுருவங்கள்



சிற்பநூல் வல்ல தபதியர் அளவறிந்து உருவம் அமைக்க, ஆகமம் வல்லோர் மந்திர முறையால் அதில் இறைவனை எழுந்தருளச் செய்வது நம் மரபு. திருக்குடமுழுக்கு நடைபெறும் இந்நன்னாளில், அத்தகைய நூற்பயிற்சியும் தொழில்மரபும் இன்றி, அன்பு ஒன்றையே துணையாகக் கொண்டு தெய்வ வடிவங்களைச் சமைத்த ஒருவரின் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் தகும்.

அவர் பெயர் புன்லுவா சூலிலாட். 1932-ஆம் ஆண்டு தாய்லாந்து நாட்டில், மேகொங் ஆற்றையொட்டிய நோங் காய்ப் பகுதியில் பிறந்தவர். இளமையில் ஒரு குகைக்குள் தவறி விழுந்தார் என்றும், அங்கே தவமிருந்த கேவ்கு என்னும் முனிவரைக் குருவாகப் பெற்றார் என்றும் கூறுவர். சைவ வைணவத் தெய்வங்களையும் புத்தர் பெருமானையும் ஒருசேரப் போற்றும் நெறி அவருடையதாயிற்று.

1958-ஆம் ஆண்டில், லாவோஸ் நாட்டின் தலைநகராகிய வியஞ்சானுக்கு அருகே, மேகொங் ஆற்றங்கரையில் அவர் தம் பணியைத் தொடங்கினார். அவ்விடம் சியெங் குவான் எனப்படும். கருங்கல் வாங்கப் பொருளில்லை, சிமெண்டே கல்லாயிற்று. கைகொடுத்தவர்களும் பயின்ற சிற்பியர் அல்லர். ஆயினும் சிவபெருமானும் திருமாலும், மூன்று தலை யானைமீது இந்திரனும், 40 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தரும் வெட்டவெளியில் உருப்பெற்றனர். இருநூறுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்குள்ளன. பூசணிக்காய் வடிவில் ஒரு கட்டடமும் உண்டு. பூதத்தின் வாய்வழியே அதனுள் நுழைந்தால், நரகம், மண்ணுலகம், விண்ணுலகம் என மூன்று நிலைகளையும் ஏறிக் கடந்து உச்சியை அடையலாம்.

1975-ஆம் ஆண்டு லாவோஸில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது. சூலிலாட் ஆற்றைக் கடந்து தாய்லாந்து சேர்ந்தார். அரும்பாடுபட்டு எழுப்பிய உருவங்களில் ஒன்றையேனும் உடன் கொண்டுசெல்ல இயலுமோ? அனைத்தும் அக்கரையிலேயே நின்றன. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இவ்விழப்பால் மனம் சோர்ந்து அமர்ந்திருப்பின் யாரும் குறை கூறார். அவரோ 1978-இல் நோங் காய் நகருக்கு அருகே மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். புதிய இடத்திற்குத் தம் பெயரை இடாமல் குருவின் பெயரையே இட்டுச் 'சாலா கேவ்கு' என்றார். சாலா என்பது நாம் சாலை என வழங்கும் அதே சொல்லே.

அங்கே ஏழுதலை நாகம் குடைபிடிக்க அமர்ந்த புத்தர் 25 மீட்டர் உயர்ந்து விளங்குகிறார். நாய்க்கூட்டம் சூழ்ந்து குரைக்க, அசையாது நடக்கும் யானை ஒன்றையும் அவர் அமைத்தார். பிறர் தூற்றலுக்குக் கலங்காமல் தன் வழியே செல்பவனுக்கு அது நல்ல பாடம்.

எல்லாவற்றினும் சிறந்தது வாழ்க்கைச் சக்கரம் எனும் தொகுதி. கருப்பையைக் குறிக்கும் குறுகிய வழியே உள்ளே புகுந்தால், பிறப்பு, இளமை, இல்லறம், முதுமை, இறப்பு என மானிட வாழ்வு முழுதும் வட்டமாகச் சூழ்ந்து நிற்கிறது. முடிவில் ஓர் இளைஞன் சுற்றுவேலியைத் தாண்டக் கால் எடுத்து வைக்கிறான். வேலிக்கு அப்பால் அவனே புத்தராக நிற்கிறான்.

சூலிலாட் 1996-ஆம் ஆண்டு மறைந்தார். பதப்படுத்தப்பட்ட அவருடைய உடல் சாலா கேவ்கு மண்டபத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அவர் விட்டுச் சென்ற சியெங் குவானும் அழிந்துபடவில்லை. இன்று பொதுப் பூங்காவாகப் பலரும் காண நிற்கிறது. ஒரே மனிதரின் கைப்பணி ஓர் ஆற்றின் இருபுறத்தும் இரு நாடுகளில் விளங்குகிறது.

செய்த திருப்பணி தம் கண்முன் நிலைக்குமோ, பிறர் கைக்குப் போகுமோ என்பதை அடியவர் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. ஒரு கரையில் விட்டதை மறுகரையில் தொடரும் உறுதியே வேண்டுவது. இத்திருக்கோயிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த கைகளுக்கும் அவ்வுறுதியை இறைவன் அருள்வானாக.