வயிற்றில் இல்லாத வயிற்றுவலி



பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பூச்சி, சூடு, வாயு, நேற்றுத் தின்ற பரோட்டா. பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவார்கள். பெரும்பாலான வலி தானாகவே அடங்கிவிடும். பெயர் பெருங்காயத்துக்குப் போகும். நான் பேச வந்தது அடங்காத சில வலிகளைப் பற்றி. அவற்றின் காரணம் வயிற்றிலேயே இருக்காது.

கட்டுவிரியன் கடியைச் சொல்கிறேன். அது இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. அதன் பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் அநேகமாக இருக்காது. குழந்தை விழிக்காமலே தூங்கலாம். விடியற்காலையில் எழுந்து, "வயிறு வலிக்குதும்மா" என்று அழும், வாந்தி எடுக்கும். பாம்பு என்ற நினைப்பு யாருக்கு வரும்? பிறகு கண் இமை சரியும். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவோம். அடுத்து எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுக்கான தசைகளும் ஓய்ந்துபோகும்.

பல்தடம் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். தடம் தெரியாமலும் கடி இருக்கும். கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், "ராத்திரி தரையில் படுத்திருந்தான்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். விஷமுறிவு மருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் காலத்தில் கிடைத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

வேறு சிலவும் உண்டு. காய்ச்சலும் வேகமான மூச்சுமாக வயிறு வலித்தால், நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா இருக்கலாம். ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்துவரும் பிள்ளைக்கு வலியும் வாந்தியும் வந்தால் உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும்.

இன்னொன்று, பையன்கள் வெட்கத்தில் மறைப்பது. விதை முறுக்கிக்கொண்டு வலித்தாலும் அடிவயிறு என்றுதான் சொல்வான். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அவன் வெட்கப்படட்டும், நீங்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்றிரவு பிள்ளைகள் தரையில்தான் படுக்கிறார்கள் என்றால், கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவோடு கட்டுவிரியனையும் அது தடுக்கும்.