அட்டைப்படம் தீட்டும் கலை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் தீட்டக் கற்பது எவ்வாறு என இந்நகரத்துத் தமிழ் இளைஞர் சிலர் என்னை வினவுகின்றனர். அவர்களிடம் கைத்திறன் உண்டு. சித்திரகலா பரிஷத்து போன்ற சிறந்த கலைக்கூடமும் பெங்களூரிலேயே உண்டு. குறைவது வேறொன்று.

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்குச் சித்திரம் தீட்டியவர் ஓவியர் மணியம். வந்தியத்தேவனின் முகத்தை யார் கண்டார்? கதையைக் கருத்தூன்றிப் படித்தும், பழஞ்சிற்பங்களை நேரிற் பார்த்தும் அம்முகத்தை அவர் கண்டெடுத்தார். சில்பியோ 'ஆனந்த விகட'னுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, தூண்களின் எதிரே அமர்ந்து வரைந்தவர். நம் அல்சூர்ச் சோமேசுவரர் கோயில் தூண்களின் முன் இவ்வாறு அமர்ந்தவர் நம்முள் எத்தனை பேர்?

இனித் தொழில் நுட்பம். அட்டையின் மேற்பகுதி பத்திரிகையின் பெயருக்கு உரியது; அதனை ஓவியன் ஒழித்து வைத்தல் வேண்டும். படத்தைப் பெரிதாக எழுதிப் பின் சிறிதாக்கி அச்சிடுவது வழக்கமாதலின், மிக நுண்ணிய கோடுகள் மறைந்துபோம். மூவர்ண பிளாக்குகளின் காலத்தில் ஒரு வர்ணம் இம்மியளவு விலகினும் உதட்டுச் சிவப்பு கன்னத்திற்கு ஏறிவிடும்! கடைகளில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடுவர், மேற்பாதிதான் கண்ணிற்படும். முகம் அங்கே அமைய வேண்டும்.

இவையெல்லாம் சில திங்களிற் கற்கத் தக்கவை. கதையைப் படித்து, அதன் உயிர்நிலையான ஒரு கணத்தைத் தேர்வதே அரிது. நம் பிள்ளைகளோ தமிழ் பேசுகின்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகின்றனர். கதைச் சுருக்கத்தைப் பிறர் சொல்லக் கேட்டு வரைபவன் எக்கணத்தைத் தேர்வான்? 'கல்கி'யே 2020-இல் அச்சேறுவது நின்றது. கடைகளில் தொங்கும் தமிழ் இதழ்கள் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றன. தமிழின் பக்கம் ஒரு குழந்தையைத் திருப்பும் முதற்பொருள் பெரும்பாலும் ஒரு படமே. அதை வரைபவனும் தமிழறியாதவனாயின் என் செய்வது?

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரின் அட்டையை இவ்விளைஞர்களே தீட்டட்டும். சிறுகதை ஒன்றை இன்றே அவர்களிடம் கொடுப்போம்; தாமே படித்து, ஒவ்வொருவரும் மும்மூன்று சிறு மாதிரிகள் வரைந்து கொணரட்டும். மலரின் பெயரெழுத்துக்களையும் அவர்களே எழுதுக. ஞாயிறு மாலைகளில் உடனிருந்து உதவ நான் ஆயத்தமாயிருக்கிறேன்.